அஞ்சு அம்பதுல நின்ன வாட்ச்

வாட்ச் மெக்கானிக் வீட்டுக்குள்ளயே பதினாலு வருசம் ஒரு வாட்ச்ச ஒளிச்சு வெச்சிருந்தாளுங்க தம்பி, என்ற பொண்டாட்டி.

இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? கடைப்பக்கம் சொன்னா சிரிப்பானுங்க. நீங்க பெங்களூருல பஸ்ஸ உட்டு எறங்கி உங்க வழிக்குப் போயிருவீங்க, நான் என்ற வழிக்குப் போயிருவேன். அதனால உங்ககிட்டச் சொல்லலாம். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

என்ற பேரு லோகநாதனுங்க. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை, வீடு ஒண்டிப்புதூர்ல. கல்யாணம் ஆகறப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு. எனக்கு மொதக் கல்யாணம், வசந்தாமணிக்கு ரெண்டாவது. அவளோட மொதப் புருசன் பேரு கிருபாகரன். சூலூர் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தாரு. விமானம் ஓட்டறவரு இல்லீங்க, ரிப்பேர் பாக்கறவரு. அதை நல்லா மனசுல வெச்சுக்கங்க. எல்லாரும் ஏர்ஃபோர்ஸ்னு சொன்ன ஒடனே வாயப் பொளக்கறாங்க. லாரி மோதிப் போய்ச் சேந்துட்டாரு. பாப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு. ரெண்டு வருசம் கழிச்சு, தெரிஞ்சவங்க சொல்லி, மருதமலையில வெச்சு நான் கட்டிக்கிட்டேன். பாப்பா மிதுனா அன்னையில இருந்து என்னையத்தான் அப்பாங்கறா.

நான் தாராளமான ஆளுங்க தம்பி. அவரு போட்டோவ வீட்டுல மாட்டக்கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. செவுத்துல ஆணி எறங்காதுன்னு மட்டுந்தான் சொன்னேன். காலண்டர் மாட்டியிருக்குதேன்னு நீங்க கேக்கலாம். அது பழைய ஆணி.

பாப்பா ப்ளஸ் டூ முடிச்சுப்போட்டு, விமானம் ரிப்பேர் பண்ற படிப்புதான் படிப்பேன்னு நின்னா. "அப்பா மாதிரி மெஷின் வேலை பாக்கணும்"னு சொன்னா. எனக்கு அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் கால் தரையில படலீங்க. வாட்ச்சும் மெஷின்தான? அப்பறம் வசந்தா பக்கத்து வீட்டுல சொல்லிட்டு இருக்கறது காதுல விழுது. "அவங்கப்பா மாதிரியே வந்துட்டா"ங்கறா. அவங்கப்பான்னா யாரு? நான் கேக்கல. பாப்பாகிட்டயும் கேக்கல. கேட்டுப்போட்டு வேற பேரு வந்துச்சுன்னா அதை வேற நான் சொமக்கணும்.

பெங்களூருல எடம் கெடச்சுது. கெளம்பறதுக்குப் பத்து நாள் இருக்கறப்ப வசந்தா கடைக்கே வந்தா. அவ கடைக்கு வர்றதே அபூர்வங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த ஒரு துணிப் பொட்டலத்த எடுத்துக் கண்ணாடி மேல வெச்சா.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் ஓட வெச்சுத் தர முடியுமுங்களா? பாப்பா போறப்பக் குடுத்து உடலாம்னு."

பிரிச்சுப் பாத்தா, தம்பி, எனக்கு மூச்சே நின்னுபோச்சு. கறுப்பு டயல், பெரிய பெரிய வெள்ளை நம்பரு, பன்னெண்டுக்கு மேல ஒரு முக்கோணம், முதுகுல பட்டாளத்து அடையாளமா ஒரு அம்புக்குறி. வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல பைலட்டுகளுக்குக் குடுத்தது. படத்துலதான் பாத்திருக்கறேன். கையில தொட்டதில்ல. முப்பது வருசம் இந்தத் தொழில்ல இருக்கறேன்.

"எங்க இருந்துச்சு இது?"

"தையல் மிஷின் டிராயர்ல."

"எப்பிருந்து?"

"எப்பவுந்தானுங்க."

அந்த மிஷின் எங்க இருக்குது தெரியுங்களா? என்ற கட்டிலுக்கும் அதுக்கும் நடுவுல நாலடி. பதினாலு வருசமா நான் நாலடி தள்ளிப் படுத்துத் தூங்கியிருக்கறேன். ஊருல இருக்கற ஓட்ட வாட்ச் பூராவும் என்கிட்ட வருது. என்ற வீட்டு வாட்ச் மட்டும் என்கிட்ட வரல.

அது அவருக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஓடுபாதையில கெளம்பி நின்ன விமானத்துக்கடியில எண்ணெய் சொட்டறத கிருபாகரன் பாத்திருக்காரு. குறுக்கால ஓடிப்போய்க் கையக் காட்டி நிறுத்தியிருக்காரு. எறங்கிப் பாத்தா பைப்புல வெடிப்பு. அதை ஓட்டுன ஆபீசர், பேரு எனக்கு வேண்டாம், கையில கட்டியிருந்த அவங்கப்பா வாட்ச்ச அங்கயே கழட்டி இவரு கையில கட்டி உட்டாராம். வசந்தா இதை ஒரு வார்த்தை தடுமாறாமச் சொன்னா. மனப்பாடம். எனக்குன்னு இப்படி ஒரு கதை உண்டா சொல்லுங்க? என்னையப் பத்தி அவ யாருகிட்டயாச்சும் சொல்றதுன்னா என்ன சொல்லுவா? லோகநாதன் பேட்டரி மாத்துனாரு. லோகநாதன் கண்ணாடி மாத்துனாரு.

அவ போனதுக்கப்பறம் வாட்ச்சக் கையில கட்டிப் பாத்தேன். கித்தான் பட்டை. அதை மாட்டற கம்பி ரெண்டும் வாட்ச் கேஸோடயே பத்தவெச்சது, கழட்ட முடியாது. பறக்கறப்ப அறுந்து உழுகக் கூடாதில்லீங்களா. பட்டையில அஞ்சாவது ஓட்டை மட்டும் தேஞ்சு நீளமாப் போயிருந்துச்சு. அவரு போட்டது. எனக்கு மொத ஓட்டையில போட்டாலும் லொடலொடன்னு ஆடுது. பெரிய கைக்காரருங்க. நான் கழட்டி வெச்சுட்டேன்.

அடுத்த நாள் காலைல பிரிச்சேன். நின்ன நேரத்த நோட்டுல குறிச்சேன். அது பழக்கம். அஞ்சு அம்பது. பின்மூடியத் திருகி எடுத்தா உள்ள இன்னொரு மூடி, இரும்புல. விமானத்துல இருக்கற காந்தம் மெஷின அண்டக்கூடாதுன்னு சட்டை போட்ட மாதிரி வெச்சிருக்கான். அதையும் எடுத்து, சாவிய உருவி, மெஷின வெளிய கொண்டாந்தேன். முள்ளு மூணையும் கழட்டுனேன். டயலச் சொரண்டாம அப்படியே தாளுல சுத்தி மூடி வெச்சேன். அந்தக் காலத்து ரேடியம், தூசி மூக்குக்குள்ள போனா ஆபத்து. அப்பறம் ஸ்பிரிங்கோட முறுக்கத் தளத்தி, சக்கரங்களப் புடிச்சு வெச்சிருக்கற ஒவ்வொரு பாலமா, ஒவ்வொரு சக்கரமாக் கழட்டுனேன். எப்படிச் செஞ்சிருக்கான் தெரியுங்களா? வெளிய தெரியாத எடத்துலகூட பாலிஷ் போட்டிருக்கான். சாவிய இழுத்தா நொடி முள்ளு டக்குன்னு நிக்கும். பத்து பைலட்டும் ஒரே நொடியில நேரத்த வெச்சுக்கிட்டுக் கெளம்பறதுக்காக. கோவம் ஒரு பக்கம் இருந்தாலும் கை அதும்பாட்டுக்கு மரியாதையாத்தான் வேலை செஞ்சுது.

பிரச்சினை என்னன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுபோச்சு. அப்படியும் இப்படியும் ஆடி வாட்ச்ச ஓட்டற பேலன்ஸ் சக்கரத்தோட அச்சு. முடி கனந்தான் இருக்கும் அதோட முனை. பட்டுனு ஒடஞ்சிருந்துச்சு. அடி பட்டாத்தான் அப்படி ஒடையும். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, லாரி மோதறப்ப இது அவரு கையில இருந்திருக்குது.

அதே மெஷின் போட்ட ஒரு சாதா வாட்ச் என்ற பழைய டப்பாவுல கெடந்துச்சு. அச்சு நல்லா இருந்துச்சு. ரெண்டு நாள் வேலை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனப்ப வசந்தா கேட்டா. "பாத்தீங்களா?"

"பாத்தேன். அச்சு ஒடஞ்சிருக்குது. இதுக்கெல்லாம் இப்ப சாமான் எங்கயும் கெடைக்காது. அவ்வளவுதான்."

பொய்யிங்க. நாக்கு கூசாமச் சொன்னேன். அவ அழுவா, கெஞ்சுவான்னு நெனச்சேன். அவ ரசத்த ஊத்திக்கிட்டே, "செரிங்க"ன்னா. அவ்வளவுதான். அப்பறம், "அப்படின்னா பழையபடி மாட்டிக் குடுத்துருங்க. எந்த நேரத்துல நின்னிருந்துச்சோ அதே நேரத்துல வெச்சு."

"நேரத்த யாரு பாத்தா? முள்ளக் கழட்டியாச்சு"ன்னேன். நோட்டுல இருக்குது. சும்மா சொன்னேன்.

"அஞ்சு அம்பதுங்க"ன்னா. "சின்ன முள்ளு ஆறுக்குக் கொஞ்சம் முன்னால. பெரிய முள்ளு பத்துல. நொடி முள்ளு இருபத்தி மூணு."

நொடி முள்ளு இருபத்தி மூணு! தம்பி, என்ற பொறந்த நாளு அவளுக்குத் தெரியாது. கேட்டா, "ஆவணியிலயா, புரட்டாசியிலயா?"ங்கறா. நொடி முள்ளு மட்டும் தெரியுது. நானில்லாத நேரமெல்லாம் டிராயரத் தொறந்து வெச்சு இதைத்தான் பாத்துட்டு இருந்திருக்கறா. எனக்கு அந்த ரசம் எறங்கல.

சாயங்காலம் பாப்பா கடைக்கு வந்தா. "அம்மா சொன்னாங்க, வாட்ச்சப் பிரிச்சு வெச்சிருக்கீங்களாமா? காட்டுங்கப்பா." எதுக்கால ஸ்டூலப் போட்டு ஒக்காந்துக்கிட்டா. நான் தட்டுல பரப்பி வெச்சிருந்ததத் தொடைச்சுட்டு இருந்தேன்.

"இத்தனையும் மறுபடி எப்படிப்பா ஞாபகம் வெச்சு மாட்டுவீங்க?"

"கழட்டுன கைக்கு மாட்டத் தெரியும் கண்ணு."

"ஒரு நிமிசம் இருங்க, வீடியோ எடுத்துக்கறேன். ஹாஸ்டல்ல காட்டணும்."

எடுத்தா. பத்து நிமிசம் எடுத்தா. அப்பறம் எனக்கு அனுப்பி உட்டிருந்தா, பாத்தேன். அதுல பூராவும் என்ற கைதான் தெரியுது, வாட்ச்சே செரியாத் தெரியல. பாப்பாவுக்கு வீடியோ எடுக்கத் தெரியாதுங்க.

அவ போனப்பறம் ஒக்காந்து யோசிச்சேன். இதை ஓடாம மாட்டிக் குடுத்தா என்ன ஆகும்? கிருபாகரன் அஞ்சு அம்பதுலயே நிப்பாரு. காலத்துக்கும் நிப்பாரு. எனக்கு வயசாகும், முடி கொட்டும், அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஓட உட்டா? ஆறு மணி ஆகும், ஏழு மணி ஆகும், நாளைக்கு அது வெறும் வாட்ச். என்கிட்ட வர்ற மத்த வாட்ச் மாதிரி ஒரு வாட்ச். இது எனக்கு ஏன் மொதல்லயே தோணலைன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ரிப்பேர் பண்ணாம உட்டது தப்பு. ரிப்பேர் பண்றதுதான் செரி.

சிரிக்காதீங்க. அப்படித்தான் நெனச்சேன்.

மூணு நாள் ஒக்காந்தேன். வேற வேலை எதுவும் வாங்கல. பழைய அச்ச எடுத்துட்டு என்ற டப்பாவுல இருந்தத மாட்டி, சக்கரத்த சமன் பண்ணி, எல்லாத்தையும் கழுவி, எண்ணெய் போட்டு, ஒவ்வொண்ணா ஏத்துனேன். கடைசியா பேலன்ஸ எறக்குனப்ப அது ஒரு தடவ தயங்குச்சு. அப்பறம் உசுரு வந்த மாதிரி ஆட ஆரம்பிச்சுது. சத்தம் கேக்கணுமே தம்பி, தண்ணி சொட்டற மாதிரி அவ்வளவு சுத்தமா. என்ற வாழ்க்கையில அப்படி ஒரு வேலை நான் செஞ்சதில்ல. அதையும் அவருக்குத்தான் செஞ்சிருக்கறேன் பாருங்க.

பாப்பா கெளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வசந்தா மிஷின்ல ஒக்காந்து யாரோட ரவிக்கையோ தெச்சுட்டு இருந்தா. கையில வெச்சேன்.

"ஓடுதுங்களா?"

"ஓடுது. சாமான் கெடச்சிருச்சு."

காதுல வெச்சுக் கேட்டா. அப்பறம் டயலப் பாத்தா. "இப்ப மணி நாலு இருபதுங்களா?"

"ஆமா."

அவ்வளவுதான். மிஷின் மேல தலையச் சாய்ச்சு அழுக ஆரம்பிச்சா. அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "அவரு ஞாபகமா?"ன்னேன், கொஞ்சம் குத்தலாத்தான்.

"அன்னிக்குக் காலைல நான் அவன்கிட்ட போய்த் தொலைன்னு சொன்னேனுங்க"ன்னா.

எனக்குப் புரியல. மூக்கத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா. மொத நாளு கேஸ் சிலிண்டருக்குப் பதியச் சொல்லியிருக்கா, அவரு மறந்துட்டாரு. காலைல அடுப்புப் பத்தல. பாப்பாவுக்குப் பாலு காய்ச்ச முடியல, அது கத்துது. அவரு சிரிச்சுக்கிட்டே, "நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கறேன், நீ பக்கத்து வீட்டுல பால் காய்ச்சிக்கோ"ன்னிருக்காரு. இவளுக்கு ஆத்திரம். "தின்னா தின்னு, தின்னாட்டி அப்படியே போய்த் தொலை"ன்னு கதவச் சாத்தியிருக்கா. அஞ்சரைக்குக் கெளம்புனவரு. இருபது நிமிசம்.

"அந்த முள்ளு ரெண்டும் அங்கயே நின்னு என்னையே பாத்துட்டு இருந்துச்சுங்க. பதினாறு வருசம். தூக்கிக் கடாசவும் முடியல, யாருகிட்டயும் சொல்லவும் முடியல. நீங்க அதை நடக்க வெச்சுட்டீங்க"ன்னு சொல்லி என்ற கையப் புடிச்சுக்கிட்டா. நல்லாப் புடிச்சுக்கிட்டா.

அடுத்த நாள் பாப்பா கையில நாந்தான் கட்டி உட்டேன். அவ கைக்குப் பட்டையில புதுசா ஒரு ஓட்டை போட்டேன். இப்பவும் தெனமும் காலைல போன் பண்ணுவா. "அப்பா, சாவி குடுத்துட்டேன், நேரம் செரியா இருக்குது." வேற ஒண்ணும் விசயம் இருக்காது, ஆனா பத்து நிமிசம் பேசுவா. வாட்ச்சுக்காகத்தான் கூப்பிடறா, தெரியும். இருந்தாலும் எடுப்பேன்.

நியாயமாப் பாத்தா அதோட நான் நிம்மதியா இருந்திருக்கணும், இல்லீங்களா? ரெண்டு நாள் இருந்தேன். அப்பறம் அந்த வார்த்தை உள்ள கெடந்து பெராண்ட ஆரம்பிச்சுது. "போய்த் தொலை." நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. பதினாலு வருசத்துல என்னைய அவ ஒரு தடவகூட அப்படிச் சொன்னதில்ல. ஒரு தடவ அவளோட கல்யாணப் பட்டுல பெட்ரோலக் கொட்டிப்போட்டேன். "செரிங்க, போகட்டும்"ன்னா. தீவாளிக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போகல. "செரிங்க." எதுக்கெடுத்தாலும் வாங்க, போங்க, செரிங்க. விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி. அவருன்னா அவன். அவருன்னா நீ. அவருகிட்ட மட்டும் கதவச் சாத்திச் சண்டை. நம்மளுதுன்னு நெனச்சாத்தான அப்படித் திட்ட வரும்? என்னைய ஏன் திட்டல?

ரெண்டு மாசம் பொறுத்தேன். இன்னிக்குக் காலைல, பாப்பாவுக்கு முறுக்கும் போர்வையும் குடுத்துட்டு வரலாம்னு கெளம்பறேன். நல்லா வெளிச்சம்கூட வரல. வசந்தா சீக்கிரமே எந்திரிச்சு இட்லி ஊத்தி வெச்சிருக்கா. மல்லிப்பூ மாதிரி இட்லிங்க, பொய் சொல்லக் கூடாது. நான் ஒண்ணப் பிட்டுப் பாத்துப்போட்டு, "இது என்ன கல்லா?"ன்னேன்.

"வேற ஊத்தித் தர்றனுங்க, அஞ்சு நிமிசம்."

"ஒண்ணும் வேண்டாம். சாப்பிடாமயே போறேன்"னு தட்டத் தள்ளிப்போட்டுப் பையத் தூக்கிட்டு நடந்துட்டேன். திரும்பியே பாக்கல. ஸ்டாப்புல டவுன் பஸ் வந்து நிக்குது, நான் ஏறி ஒக்காந்துட்டேன். அப்பப் பாக்கறேன், ஓடி வர்றா தம்பி! கால்ல செருப்பு இல்ல. தலை அவுந்து கெடக்குது. கையில டிபன் டப்பா.

"யோவ்! நில்லுய்யா! சோத்தத் திங்காம எங்கய்யா போற நீ?"

யோவுங்க! நீயிங்க! பால்காரரு, கீரைக்காரம்மா, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பஸ்ஸுக்குள்ளயே ஏறி வந்துட்டா. டப்பாவ மடியில வெச்சு என்ற சட்டையப் புடிச்சுக்கிட்டா. "திங்கறேன்னு சொல்லு. இங்கயே சொல்லு. சொல்லாட்டி பஸ்ஸ உட மாட்டேன்"ங்கறா. மூஞ்சி வெளுத்து, ஒதடெல்லாம் காஞ்சு, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எனக்காகங்க! கண்டக்டரு சத்தம் போட்டு எறக்கி உட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். பஸ் திரும்பற வரைக்கும் நடு ரோட்டுல நின்னுட்டு இருந்தா.

பதினாலு வருசத்துல இன்னிக்குத்தான் தம்பி எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்குது.

டப்பாவா? இதா இருக்குது. இன்னும் தொறக்கல. போனு அவதான் அடிக்கறா பாருங்க, இதோட ஒம்பதாவது தடவ. சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான். சித்த அடிக்கட்டும்னு உட்டு வெச்சிருக்கறேன். கேக்கறதுக்கு நல்லா இருக்குது.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

என்னங்க? யாரு? கிருபாகரனா? ஆமா, அவருந்தான் அன்னிக்குச் சாப்பிடாம...

...

சித்த இருங்க தம்பி. இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. இது எந்தப் பட்டன அமுக்கறது, கை வழுக்குது.

அலோ? வசந்தா. நாந்தான். ஒண்ணும் ஆகலம்மா. பெருந்துறை தாண்டிட்டோம், பஸ்ஸு நல்லாப் போகுது. அழுகாத. நான் இருக்கறேன். இருக்கறேன்னு சொல்றேன்ல. இந்தா, டப்பாவத் தொறக்கறேன்... இல்ல, இட்லி கல்லு இல்ல. பொய் சொன்னேன். நல்லா இருந்துச்சு.

வசந்தா, போன வெச்சுராத. திட்டு. இல்லாட்டி ஒண்ணும் பேசாம இரு. நான் தின்னு முடிக்கற வரைக்கும் வெச்சுராத.